பசாம் படித்தவர்களின் மகிழ்ச்சி

வன்னியில் இருந்து வந்தவள் என்று சொன்னவுடன் ஜேர்மனியில் எங்கள் ஆட்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். 1980களில் வந்து, மொழி படித்து, வீடு வாசல் என்று ஊன்றிவிட்டவர்கள். நல்ல மனிதர்கள். ஆனாலும் ஒரு பகிடிக்கு நான் வாய்விட்டுச் சிரித்தால் அவர்களுக்குத் திக்கென்கிறது. முள்ளிவாய்க்கால் வரை போய்த் திரும்பியவளுக்குச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்க ஆசை, கேட்க மாட்டார்கள். கேட்காத கேள்விக்கு எழுதியாவது பதில் சொல்லலாம் என்று தோன்றியது.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் உண்டு. வந்த புதிதில் என்னை ஒரு செபக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். பேசியவர் நாவன்மை உள்ளவர். விசுவாசிக்கு முகவாட்டம் ஆகாது, கண்ணீர் விசுவாசக் குறைவின் அடையாளம் என்று அடித்துச் சொன்னார். எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் கடைசிச் சண்டையில், மாத்தளனில், பிள்ளையைப் பறிகொடுத்தவள். அவளும் மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டினாள். அந்தக் கைதட்டலைப் போல் என் நெஞ்சைச் சுட்டது வேறொன்றும் இல்லை. பேச்சாளர் எடுத்துக்கொண்டது பவுல் பிலிப்பியருக்கு எழுதிய திருமுகம். ஆண்டவரில் எப்போதும் மகிழுங்கள் என்று பவுல் சிறையில் இருந்து எழுதினார் என்பது உண்மைதான். ஆனால் மகிழ்வாரோடு மகிழுங்கள், அழுவாரோடு அழுங்கள் என்று உரோமையருக்கு எழுதியதும் அதே பவுல்தான். அன்றைக்கு அந்த மண்டபத்தில் அழுவாரோடு அழ ஒருவரும் இல்லை. பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.

எங்கள் ஊர் முழங்காவிலுக்குப் பக்கம். மேற்கே கடல், மற்றப் பக்கங்களில் வயலும் பற்றைக்காடும். உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய தபசு காலம் பிறந்தால் கோவிலில் பசாம் படிப்பார்கள். ஆண்டவருடைய பாடுகளை ஒப்பாரி இராகத்தில் இழுத்துப் படிப்பது. யாக்கோமே கொன்சால்வேஸ் சுவாமி 18ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த வியாகுலப் பிரசங்கத்தை வாசிக்கும் ஊர்களும் உண்டு. என் அம்மம்மா பசாம் படித்தால் சொந்த மகனைச் சாகக் கொடுத்தவளைப் போல அழுவார். முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உயிர்ப்புத் திருநாளுக்கு யார் ஆடு அடிக்கிறார்கள், பங்கு எவ்வளவு என்று விசாரிப்பார். சிறுமியாக இருந்தபோது எனக்கு இது நடிப்பாகத் தெரிந்தது. நடிப்பு இல்லை. நாற்பது நாள் அழுவதற்கென்று கோவிலே நேரம் ஒதுக்கித் தருகிறது. அழுது முடித்த சனம் உயிர்ப்பு இரவில் மணி அடித்ததும் போடுகிற சத்தம் பக்கத்து ஊருக்குக் கேட்கும். அழாதவர்களால் அப்படிச் சத்தம் போட முடியாது என்பது என் எண்ணம்.

2008 நடுப்பகுதியில், சண்டை நெருங்கியதும், ஊரை விட்டுக் கிளம்பினோம். சாமான்களை லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிய பிறகு அம்மா பட்டிக்குப் போய் மாடுகளை அவிழ்த்துவிட்டாள். அவிழ்த்தது போதாதென்று கழுத்துக் கயிறுகளையும் கத்தியால் அறுத்தாள். கயிறு பற்றையில் சிக்கினால் நின்ற இடத்திலேயே பட்டினி கிடந்து செத்துப்போகும் என்றாள். சிவலைப் பசு மட்டும் எங்களுக்குப் பின்னாலேயே வந்தது. பிரதான வீதி வரை வந்தது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கையில் அறுத்த கயிற்றுத் துண்டு இருந்தது. அதைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டாள்.

சில மாதங்களுக்குப் பிறகு, தர்மபுரத்துப் பக்கம் ஒரு மரத்தின் கீழ் நடந்த பூசையில் அபகூக்கு இறைவாக்கினரின் கடைசிப் பகுதியை வாசித்தார்கள். வயல் விளையாமல் போனாலும், கிடையில் ஆடு அற்றுப்போனாலும், தொழுவத்தில் மாடு இல்லாமல் போனாலும் ஆண்டவரில் களிகூருவேன் என்கிற இடம். அம்மா என் கையைக் கிள்ளி, "பிள்ளை, இவரிடமும் சிவலை மாதிரி ஒன்று இருந்திருக்கிறது" என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை. சுவாமி எங்களை ஒரு முறை பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். அந்த வாசகத்துக்கு இதைவிட நல்ல விளக்கவுரையை நான் இன்றுவரை கேட்கவில்லை.

அந்த ஆண்டு நவம்பரில் நிஷா புயல் அடித்து வன்னி முழுவதும் வெள்ளம். நத்தாருக்குப் பாலன் குடில் கட்ட வைக்கோல் எல்லாம் ஊறி நாறிவிட்டது. பிள்ளைகள் கிழிந்த தறப்பாளை வெட்டிக் கூரை போட்டார்கள். நிவாரண நிறுவனத்தின் நீல எழுத்துகளில் பாதி குழந்தை இயேசுவின் தலைக்கு மேல் வந்து நின்றது. அந்த நிறுவனங்கள் செப்டம்பரிலேயே வன்னியை விட்டு வெளியேறியிருந்தன. "அவர்கள் போய்விட்டார்கள், இவர் வந்திருக்கிறார்" என்று யாரோ ஒரு பொடியன் சொன்னான். கூட்டம் முழுவதும் சிரித்தது.

2009 உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 12. வலைஞர்மடம் கரையில் இருந்தோம். அந்த நாட்களில் நாங்கள் மகிழ்ச்சியாக இருந்தோம் என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். பயமும் பசியும் கடற்கரை மணலில் வெட்டிய பங்கர் வாசலும்தான் எங்கள் உலகம். அன்றைக்கு ஒருவர் எங்கோ அலைந்து ஒரு தேங்காய் கொண்டுவந்தார். அதன் பாலை அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் கஞ்சிக்குப் பங்கிட்டோம். கஞ்சி வெண்மையாக வந்ததைப் பார்த்து ஒரு கிழவி அல்லேலூயா என்று பாடத் தொடங்கினார். இரண்டு வரி போனது. மூன்றாவது வரிக்குள் ஷெல் வந்தது. மீதியைப் பங்கருக்குள் வைத்து முடித்தோம். இவ்வளவுதான் நடந்தது. இதை அற்புதம் என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. பாட்டை அரைகுறையில் விடக் கூடாது என்பது ஊரில் சிறுவயது முதல் பழகிய பழக்கம், அவ்வளவே.

மே 18 அன்று வட்டுவாகல் பக்கம் சரணடைந்தவர்களோடு சென்ற பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் பிறகு திரும்பவில்லை. என் தம்பியும் அந்த நாட்களில்தான் எங்கள் கையை விட்டுப் போனான். இதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன்.

சண்டை முடிந்ததும் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அடைத்தார்கள். முகாம்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி என்று பெயர். தமிழ்ப் பெரியார்கள் எல்லாரும் முட்கம்பிக்குள் எங்களோடு இருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கியில் சிப்பாய் எங்கள் பெயர்களைக் கடித்துக் குதறி வாசிப்பான். மாலையில் செபமாலை முடிந்ததும் பிள்ளைகள் அவனைப் போலவே பேசிக் காட்டுவார்கள். அதுதான் எங்கள் நாடகக் கொட்டகை.

ஜேர்மனிக்கு 2011இல் வந்து சேர்ந்தோம். வந்த வழியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லாரும் வந்த வழிதான். அகதிகள் விடுதியில் ஓர் அறை, இரண்டு அடுக்குக் கட்டில், சூடாக்கி, மூன்று வேளைச் சாப்பாடு. தலைக்கு மேல் ஒன்றும் விழாது. மகிழ்ச்சி வறண்டது அங்கேதான். கையில் டுல்டுங் பத்திரம்: நாடு கடத்துவதை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று அரசாங்கம் தருகிற காகிதம். தவணை முடிய முடியப் புதுப்பிக்க வேண்டும். தபால்காரர் சைக்கிள் தெரிந்தால் வயிற்றைக் கலக்கும். அழ வேண்டும் போல் இருந்தால் அழலாம், யார் தடுக்கிறார்கள்? ஆனால் கூட இருந்து அழ ஆள் இல்லை. வன்னியில் தறப்பாளுக்குத் தறப்பாள் ஆள் இருந்தது. தனியாக அழுகிற அழுகை ஒரு முடிவுக்கு வருவதில்லை. அதை ஜேர்மனியில்தான் கண்டேன்.

ஞாயிறுகளில் விடுதிக்குப் பக்கத்துக் கோவிலுக்குப் போவேன். பெரிய கோவில், ஓர்கன் இசை, கடைசி வாங்குகளில் நாங்களும் முன்வரிசையில் சில முதியவர்களும். பிரசங்கம் ஒரு சொல்லும் விளங்காது. சமாதானம் பகிரும் நேரத்தில் யாராவது ஒருவர் திரும்பிக் கை கொடுப்பார். அந்த வாரம் முழுவதும் அதிகாரிகள் அல்லாத ஒருவர் என்னைத் தொட்டது அது மட்டுமாகக்கூட இருக்கும். மாதத்தில் ஒரு நாள் வேறு நகரத்தில் தமிழ்ப் பூசை. பயணச்சீட்டுக்குக் காசு சேர்த்துப் போய், பூசை முடிந்ததும் மண்டபத்தில் ரோல்ஸும் தேநீரும் கதையும். எனக்குப் பாதிப் பக்தி அந்த ரோல்ஸில்தான் இருந்தது என்று பங்குத்தந்தையிடமே சொல்லியிருக்கிறேன்.

பிறகு முதியோர் பராமரிப்பு படித்தேன், வேலை கிடைத்தது, விசாவும் சரிவந்தது. நான் வேலை செய்த இல்லத்தில் ஒரு மூதாட்டி இருந்தார். சிலேசியாவில் பிறந்தவர். 1945 குளிர்காலத்தில், சிறுமியாக, தாயோடு மேற்கு நோக்கி நடந்து வந்தவர். இன்று அவர் ஊர் போலந்தில் இருக்கிறது. கைக்குழந்தையாக இருந்த தங்கை வழியில் குளிரில் இறந்துபோனாள். பனியில் எந்த இடத்தில் வைத்தார்கள் என்று தாய்க்கே தெரியாது. என்னிடம் இதைச் சொல்ல அவருக்கு இரண்டு வருடம் பிடித்தது. எனக்கும் தம்பியைப் பற்றிச் சொல்ல அதே அளவு பிடித்தது.

நவம்பர் 1, சகல புனிதர் திருநாள். இங்கே அன்று குடும்பம் குடும்பமாகச் சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளில் சிவப்புக் கண்ணாடி விளக்கு ஏற்றுவார்கள். எங்கள் ஊரிலும் மறுநாள், மரித்தவர்கள் நாளில், இதே வழக்கம். ஆனால் தம்பிக்கு எந்தக் கல்லறையில் ஏற்றுவது? ஏற்றினால் அவன் இறந்துவிட்டான் என்று நாங்களே சொன்னதாகிவிடாதா? அந்த வருடம் மூதாட்டி என்னைச் சக்கர நாற்காலியைத் தள்ளச் சொன்னார். சேமக்காலை நடுவில் பெரிய சிலுவை ஒன்று இருந்தது. வேறு எங்கோ கிடப்பவர்களுக்கான விளக்குகளை அதன் அடியில் வைக்கிறார்கள். அவர் ஒன்று வைத்தார். நான் வைக்கவில்லை, வெறும் செபம் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. இருவரும் நன்றாக அழுதோம். மூக்கைச் சிந்திவிட்டு, "சரி, இனி கேக் சாப்பிடப் போகலாம், கிரீம் போட்டது" என்றார். என் அம்மம்மா ஜேர்மன் மொழி பேசியது போல் இருந்தது.

அம்மா வர மறுத்துவிட்டாள். கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 அன்று தொடங்கிய போராட்டத்தில் அவளும் போய் இருந்தாள். சைவத் தாய்மார் தேவாரம் பாடுவார்கள், இவள் செபமாலை சொல்லுவாள், இடையில் தேநீருக்குச் சீனி போதாது என்று சண்டையும் வரும். "அங்கே போனால்தான் எனக்குச் சிரிப்பு வருகிறது" என்று தொலைபேசியில் சொல்லுவாள். குரல் தாழ்த்திப் பேசுபவர்களுக்கு இதை எப்படி விளக்குவேன்?

மன்னார்ப் பக்கத்து மடுக் கோவிலின் மருதமடு மாதாவே இடம்பெயர்ந்தவர்தான். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670இல், மாந்தையில் இருந்து மக்கள் சுருபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். 2008 ஏப்ரலில் சண்டை மடுவை நெருங்கியபோது குருக்கள் அதே சுருபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் ஊருக்கு அது எட்டிப்போகிற தூரம். அம்மா போய் வந்து, "மாதாவே பெட்டி படுக்கை கட்டிவிட்டார், நமக்கு என்ன வெட்கம்?" என்றாள். ஓகஸ்ட்டில் மாதா மடுவுக்குத் திரும்பினார். அப்போது நாங்கள் வீதியில் இருந்தோம்.

இங்கே ஓகஸ்ட் என்றால் கெவலார். நெதர்லாந்து எல்லையோரத்துச் சிறு நகரம், 1642 முதல் யாத்திரைத் தலம். வணங்குவது சுருபத்தை அல்ல, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஓர் அச்சுப் படத்தை. துன்புறுவோரின் ஆறுதல் என்பது அந்த அன்னையின் பெயர். முப்பது ஆண்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது ஒரு சிப்பாயின் கையில் இருந்து வந்த படம் என்று ஊர் மரபு சொல்கிறது. ஐரோப்பாவின் பல மூலைகளில் இருந்தும் தமிழர்கள் திரளுகிறார்கள். சைவர்களும் பட்டுச்சேலையோடு வந்து மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். முதல் முறை போனபோது கைபேசியில் அம்மாவுக்குக் காட்டினேன். "இவ்வளவு சின்னப் படமா? இவ்வளவு சனம் எதைப் பார்க்கிறது?" என்றாள். பிறகு சோற்றுப் பொதிகள் விற்கிற பக்கம் கைபேசியைத் திருப்பச் சொல்லி, என்ன கறி என்று கேட்டாள்.

இப்போது வாரம் ஒரு மாலை அம்மா என் மகளுக்குக் கைபேசியில் பசாம் சொல்லிக்கொடுக்கிறாள். வரும் தபசு காலத்துத் தமிழ்ப் பூசையில் அவள் படிக்க வேண்டுமாம். மகளுக்கு இராகம் பிடிபட்டுவிட்டது. அழுகை இழுக்கும் இடத்தில்தான் சிரிப்பு வருகிறது. அம்மா விடுவதில்லை, முதலில் இருந்து தொடங்கச் சொல்லுகிறாள். போன வாரம் இருவரும் உச்சத்தில் இருந்தபோது கதவு தட்டுப்பட்டது. கீழ்வீட்டு ஜேர்மன் மனிதர், செருப்போடு, கவலை தோய்ந்த முகத்தோடு நின்றார். யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டார்.

"ஆம், இயேசு" என்றாள் மகள்.

அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடு, நின்றுகொண்டு கேட்க விடாதே என்றாள்.