38 வரைபடங்களை ஒரே கட்டளையில் அச்சிடுவது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் வேலை செய்யும் சிறிய அலுவலகத்தில் ஏ3 தாள் வரை அச்சிடும் ஒரு பிரிண்டர் மட்டுமே உள்ளது. ஏ1 தாளில் வரைபடம் வேண்டுமென்றால் பிடிஎஃப் கோப்பைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு கெடிலம் பாலத்தைக் கடந்து திருப்பாதிரிப்புலியூருக்குப் போக வேண்டும். தாள்கள் நிறைய இருந்தால் பேருந்து ஏறிப் புதுச்சேரிக்கே போய்விடுவது வழக்கம். ஆகவே கோப்பில் ஒரு பிழை இருந்தால் தாள் காசோடு அரை நாளும் சேர்ந்து போகும்.

சென்ற ஆண்டு ஒரு கிடங்குக் கட்டடத்துக்காக 38 வரைபடங்களை அப்படித்தான் கொண்டு போனேன். ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, பிரிண்டரையும் தாள் அளவையும் தேர்ந்தெடுத்து, முன்தோற்றம் பார்த்து அச்சுக்கு அனுப்பினால் ஒரு தாளுக்கு 2 நிமிடம் என்றாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், பப்ளிஷ் என்ற கட்டளையைக் கொடுத்து, கோப்புகள் அனைத்தையும் பட்டியலில் இழுத்துப் போட்டு, ஒரே பிடிஎஃப் ஆக வாங்கிக்கொண்டேன். முதல் ஐந்து பக்கங்களையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்பிய எனக்கு, கடையில் ரோல் ஓடி முடிந்த பிறகுதான் நடுவில் இருந்த 11 தாள்களில் சுவர்க் கோடுகள் மங்கிய சாம்பல் நிறத்தில் வந்திருப்பது தெரிந்தது.

பப்ளிஷ் கட்டளை, ஒவ்வொரு லேஅவுட்டிலும் (கோப்புக்குள் இருக்கும் அச்சுத் தாளின் அமைப்பு) எந்த பேஜ் செட்டப் (பிரிண்டர், தாள் அளவு போன்ற அச்சுத் தேர்வுகள்) சேமிக்கப்பட்டிருக்கிறதோ அதை அப்படியே நிறைவேற்றுமே தவிர, 38 தாள்களும் ஒரே மாதிரி வர வேண்டும் என்ற நம் எண்ணம் அதற்குத் தெரியாது. அந்த 11 தாள்களும் புதுச்சேரியில் இருந்து எங்களுக்கு வரைந்து கொடுக்கும் நண்பருடையவை. நிறத்துக்கு ஏற்பக் கோட்டின் தடிமனைத் தீர்மானிக்கும் சிடிபி கோப்பு ஒன்றை அவர் தனக்கென உருவாக்கி வைத்திருந்தார். வரைபடக் கோப்புக்குள் அந்தச் சிடிபியின் பெயர் மட்டுமே இருக்கும், கோப்பு இருக்காது. என் கணினியில் அது இல்லாததால் கோடுகள் தத்தம் நிறத்திலேயே பிடிஎஃப்பில் இறங்கின; மஞ்சளில் வரைந்த சுவர் கடையின் கறுப்பு மை பிளாட்டரில் (பெரிய தாள் அச்சிடும் பொறி) வெளிறிப் போயிற்று. இட்ரான்ஸ்மிட் கட்டளையைக் கொண்டு கட்டியனுப்பியிருந்தால், வரைபடத்தோடு சிடிபியும் எழுத்துருக்களும், அதனுள் இணைத்துக் காட்டப்படும் பிற கோப்புகளான இணைப்பு வரைபடங்களும் ஒரே பொதியாக வந்திருக்கும். இருவரும் அதைச் செய்யவில்லை என்பதால் யாரையும் குறை சொல்ல இயலவில்லை.

இப்போது எங்கள் அலுவலகத்துக்கென ஒரு வரைபடக் கோப்பில் இரண்டு பேஜ் செட்டப் மட்டும் வைத்திருக்கிறேன்: ஒன்று ஏ1 பிடிஎஃப்புக்கு, மற்றொன்று ஏ3 பிரிண்டருக்கு. பப்ளிஷ் பட்டியலில் எல்லாத் தாள்களையும் ஒருசேரத் தேர்ந்தெடுத்து, பேஜ் செட்டப் கட்டத்தில் இறக்குமதி என்பதை அழுத்தி அந்தக் கோப்பைக் காட்டினால், யார் வரைந்த தாளாக இருந்தாலும் நம் அமைப்புக்கு வந்துவிடுகிறது. மூலக் கோப்புகளைத் திறந்து மாற்ற வேண்டிய தேவையே இல்லை. கோப்புகளைச் சேர்க்கும்போது மாடல் (தாள் அமைப்பு இல்லாமல் வரையும் இடம்) தாள்களையும் சேர்க்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு கோப்புக்கும் தேவையற்ற ஒரு பக்கம் கூடுதலாக வரும். அதை முதலிலேயே நிறுத்திவிடுவது நல்லது. ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத லேஅவுட் இருந்தால் பட்டியலில் நிலைமை காட்டும் நெடுவரிசையில் அது பிழையாகக் காட்டப்படும்.

சிடிபியைவிட எனக்கு அதிக அச்சம் தருவது இணைப்பு வரைபடம்தான். தூண்களின் அச்சுக்கோட்டு வரைபடத்தை ஒருவர் திருத்திக்கொண்டிருக்க, அதை இணைத்துக்கொண்ட இருபது தாள்களை மற்றொருவர் அச்சுக்கு அனுப்பினால், வட்டில் கடைசியாகச் சேமிக்கப்பட்ட பழைய தூண்களே எல்லாத் தாள்களிலும் வரும். கோடுகள் மங்கினால் கண்ணுக்குத் தெரியும். தூண் 300 மில்லிமீட்டர் நகர்ந்தது தாளில் தெரியவே தெரியாது. ஆகையால் பட்டியலை ஓடவிடுமுன், பக்கத்து மேசையில் இருப்பவர்கள் அனைவரும் சேமித்துவிட்டார்களா என்று வாயால் கேட்டு உறுதி செய்துகொள்கிறேன். அதற்கு இணையான கட்டளை எந்த மென்பொருளிலும் இருப்பதாகத் தோன்றவில்லை.

பப்ளிஷ் பின்னணியில் ஓடுவதே இயல்பான அமைப்பு. பேக்ரவுண்ட்பிளாட் என்ற மாறியின் மதிப்பு 2 என்று இருப்பதே அதற்குக் காரணம். நான் அதை 0 ஆக்கி வைத்திருக்கிறேன். அச்சு முடியும்வரை திரை முடங்கிக் கிடக்கும். இருந்தாலும் எங்கள் பழைய கணினியில் வேலை விரைவாக முடிகிறது, நானும் அதற்குள் எந்தக் கோப்பையும் தொட்டுக் கெடுக்க முடியாது.

ஏ1 கோப்பைக் கடைக்கு எடுத்துச் செல்லுமுன் முழுத் தொகுப்பையும் ஏ3 தாளில் அலுவலகத்திலேயே அச்சிட்டுப் பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொண்டோம். நீளமும் அகலமும் பாதியாகிவிடுவதால் 1:100 அளவுகோல் 1:200 ஆகிவிடும், 2.5 மில்லிமீட்டர் எழுத்து 1.25 ஆகச் சுருங்கும். அதில் படிக்க முடிகிற எழுத்து ஏ1 தாளில் நிச்சயம் தெளிவாக இருக்கும். அளவுகோலை வைத்து அளக்கக் கூடாது என்ற எச்சரிக்கையைத் தலைப்புக் கட்டத்தில் சேர்த்துவிட்டோம். டிரேசிங் தாளில் மையால் வரைந்து, மூக்கை அரிக்கும் அம்மோனியா பிரிண்ட் எடுத்த காலத்தைச் சேர்ந்த எங்கள் மூத்த வரைவாளர், அந்த ஏ3 கட்டைச் சிவப்பு மையோடு மடியில் வைத்துக்கொண்டால் எதுவும் தப்பாது.

கடைக்காரரும் அன்று முதல் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்: “தம்பி, பிடிஎஃப்பா மட்டும் கொண்டாங்க; வரைபடக் கோப்பை இங்க திறந்தா எழுத்தெல்லாம் கேள்விக்குறியா வருது.” தமிழில் தலைப்பு எழுதும் எங்களைப் போன்றவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

பப்ளிஷில் சேர்த்த தாள்களின் பட்டியலை டிஎஸ்டி (DSD) கோப்பாகச் சேமித்துக்கொள்ளலாம்; அடுத்த திருத்தத்தின்போது அதைத் திறந்து, மாறாத தாள்களை நீக்கிவிட்டு மூன்றே தாள்களை அனுப்ப முடிகிறது. ஆனால் அந்தப் பட்டியல் கோப்புகளின் முழுப் பாதையையும் நினைவில் வைத்திருப்பதால், யாராவது கோப்புறையின் பெயரை ‘இறுதி’ என்பதிலிருந்து ‘இறுதி-2’ என்று மாற்றிவிட்டால் 38 தாள்களையும் மறுபடி இழுத்துப் போட வேண்டியிருக்கும். போன வாரம் அதை மாற்றியவன் நானேதான்.