கட்டுத் துணியில் ஒட்டிய குருணைகள்

சென்னையில் தோல் மருத்துவராகப் பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், பாதம் வீங்கி, சிறு துளைகள் பலவற்றிலிருந்து சீழ் கசிந்த ஒரு கொத்தனாரின் புண்ணை மேலாகப் பஞ்சுக்குச்சியால் தொட்டெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ஸ்டெஃபிலோகாக்கஸ் வளர்ந்திருப்பதாக வந்த அறிக்கையை நம்பி, மூன்று மாதம் மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். ஆறாத புண் எதிலும் வந்து குடியேறும் கிருமி அது. உள்ளே இருந்தது வேறு. "வலியே இல்ல சார், ரவை மாதிரி ஏதோ வருது" என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். அந்த ரவையில்தான் நோய் இருக்கிறது என்பது எனக்கு உறைக்கவில்லை.

1842இல் ஜான் கில் மதுரையில் கண்டு விவரித்ததால் மதுரைப் பாதம் என்றே உலகம் அறிந்த மைசீட்டோமா அது. நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய நோயையே தவறவிட்டேன் என்பதை இன்றும் கூச்சத்துடன்தான் சொல்கிறேன். முள் குத்திய இடத்தின் வழியே மண்ணிலுள்ள பாக்டீரியாவோ பூஞ்சையோ நுழைந்து, ஆண்டுக்கணக்கில் பெரும்பாலும் வலியின்றி வளர்ந்து, எலும்பையும் அரித்துவிடும்.

ஆய்வகத்தின் மூத்த உதவியாளர் ஒருவர்தான் வழி காட்டினார். உப்பு நீரில் நனைத்த கட்டுத் துணியை இரவு முழுவதும் புண்ணின் மேல் கட்டி வைத்தோம். காலையில் அதில், அவர் ரவை என்று சொன்ன, மஞ்சள் கலந்த வெண்குருணைகள் ஒட்டியிருந்தன. கிருமிகள் திரண்ட கட்டிகள் அவை. கறுப்பாக இருந்தால் பூஞ்சையென்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். வெண்மை பாக்டீரியா, பூஞ்சை இரண்டிலும் வரும் என்பதால் நிறத்தோடு நிற்க முடியாது. குருணையை நசுக்கி, கிராம் சாயமேற்றிப் பார்த்தபோது, ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மெல்லிய, கிளைவிட்ட இழைகள் தெரிந்தன. பாக்டீரியாதான். பூஞ்சையின் இழை இதைவிடப் பல மடங்கு தடிமனாக இருக்கும். பூஞ்சையாக இருந்திருந்தால் பல மாதங்கள் இட்ராகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து, பெரும்பாலும் அதனுடன் அறுவை சிகிச்சை என்று பாதையே மாறியிருக்கும். திசுத் துண்டு முழுவதையும் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டு அனுப்பிவிட்டு வளர்ப்புச் சோதனை கேட்பவர்கள் இன்றும் உண்டு. அதில் எந்தக் கிருமியும் பிழைக்காது.

கொத்தனாருக்குப் பாக்டீரியாவைக் கொல்லும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையுடன், மூன்று வாரம் அமிக்காசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி, இரண்டு வார இடைவெளி என்று சுற்றுச் சுற்றாகக் கொடுத்தோம். அந்த ஊசி சிறுநீரகத்தையும் செவியையும் தாக்கக்கூடும் என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவையும் கேட்கும் திறனையும் சோதித்தோம். கேட்பொலிச் சோதனைக்கு அனுப்பியபோதெல்லாம், "கால்ல புண்ணு, காதை ஏன் சார் பாக்குறீங்க?" என்பார். ஐந்தாம் மாதம் துளைகள் மூடின. இனி மாத்திரை எதற்கு என்று கேட்டவரை, இன்னும் பல மாதம் தொடர வேண்டும் என்று சம்மதிக்க வைப்பதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.