சிட்டுவின் கண்கள்

எங்கள் நாய் சிட்டுவுக்கு வயதாகிவிட்டது. கண்ணில் ஈரமே ஊறுவதில்லை. காலையில் இமையோரம் பீளை பசைபோல ஒட்டியிருக்கும். பிய்த்து எடுக்கக் கூடாது, பாவம், வலிக்கும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சைச் சற்று நேரம் வைத்தால் தானே இளகி வரும்.

டாக்டர் கீழிமையில் சின்னக் காகிதப் பட்டையைச் செருகிப் பார்த்தார். ஒரு நிமிடத்தில் 15 மில்லிமீட்டராவது நனைய வேண்டும். இவளுக்கு நுனி மட்டும்தான் நனைந்தது. கண்ணீர் ஊற வைக்கும் சைக்ளோஸ்போரின் களிம்பு எழுதிக் கொடுத்தார். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், நடுவில் நிறுத்திவிடாதீர்கள் என்றார்.

முதலில் சொட்டு மருந்து, 5 நிமிடம் கழித்துக் களிம்பு. எதிரே கை நீட்டினால் மிரளுவாள். அதனால் பின்னாலிருந்து அணைத்து, முகவாயைத் தூக்கி, மேலிமையை விலக்கிப் போடுகிறேன். கண்ணை இடுக்கிக்கொண்டே இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடிவிடுவேன், கருவிழியில் புண்ணாகியிருக்கலாம்.