ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம்

தற்காலிக வளர்ப்புக் குடும்பமாக நாங்கள் 20 மாதம் வளர்த்த பையன் தன் அம்மாவிடம் திரும்பிப் போய், இந்த இலையுதிர் காலத்தோடு இரண்டு வருடம் ஆகிறது. வந்தபோது நாலு வயது. போகும்போது ஆறை நெருங்கியிருந்தான். அவன் பெயரை எழுதப் போவதில்லை. அவன் எதற்காக வீட்டைப் பிரிந்து வந்தான் என்பதையும் சொல்லப் போவதில்லை. அதை யாரிடம் சொல்வது என்று அவன் வளர்ந்த பிறகு முடிவு செய்துகொள்ளட்டும். போன பிறகும் அவனோடு உறவு எப்படி விட்டுப்போகாமல் இருந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன். குழந்தையை அனுப்பிவிட்டு, இனி என்ன செய்வது என்று நிற்பவர்களுக்கு உதவலாம்.

கிளம்புவதற்கு முன் மூன்று வாரம் கொடுத்தார்கள். முதல் வாரம் அவன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, குளிப்பாட்டுவதிலிருந்து தூங்க வைப்பதுவரை கூடவே இருந்தார். இரண்டாவது வாரம் அவன் அங்கே போய் ஒரு ராத்திரி, அப்புறம் இரண்டு ராத்திரி தங்கினான். மூன்றாவது வாரம் மூட்டை கட்டினோம். புகைப்படங்களின் பின்பக்கம் எந்த நாள், எந்த இடம், கூட நிற்பது யார் என்று எழுதினேன். பல் விழுந்த நாள், முதல் தடவை சைக்கிளில் விழாமல் ஓட்டிய நாள் எல்லாம் குறித்து வைத்திருந்த நோட்டையும் சேர்த்துக் கொடுத்தேன். தலையணை உறையைத் துவைக்கப் போனபோது சமூகப் பணியாளர் தடுத்துவிட்டார். "அப்படியே கொடுங்க. புது இடத்துல பழகின வாசனை ஒண்ணு இருக்கட்டும்." எனக்குத் தோன்றியிருக்காது.

என்னை அவன் "பெரியம்மா" என்றுதான் கூப்பிடுவான். முதல் சந்திப்பிலேயே அவன் அம்மா சொல்லிக்கொடுத்தது அது. அந்த ஒரு வார்த்தையில் நான் அவருக்கு அக்கா ஆகிவிட்டேன். அதன் அருமை எனக்குப் பிறகுதான் புரிந்தது.

போன பிறகு ஆறு வாரம் பேச்சே இல்லை. "அங்கே ஒட்டட்டும், கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள்" என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நல்லெண்ணத்தில் சொன்னதுதான், நாங்களும் கேட்டுக்கொண்டோம். சாயங்காலம் சீக்கிரம் இருட்டத் தொடங்கியிருந்த நாட்கள். என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. விளக்கு போட்டதும் அவன் அறைக் கதவை மூடிவிட்டு வருவாள். ஏன் என்று கேட்டால், "காலியா தெரியுது" என்பாள். வளர்க்க வந்த குழந்தை போகும்போது சொந்தக் குழந்தையும் ஒரு தம்பியை இழக்கிறது என்பதை யாரும் எங்களிடம் பேசவில்லை. நாங்களும் பேசாமல் இருந்துவிட்டோம். அதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

ஏழாவது வாரம் அவன் அம்மாவே போன் செய்தார். பள்ளியிலிருந்து நடந்து வரும்போது, காலால் சருகைத் தள்ளிக்கொண்டே கேட்டானாம்: "பெரியம்மா செத்துப் போயிட்டாங்களா?"

குழந்தை ஒட்ட வேண்டும் என்பதற்காகப் பழைய வீட்டைத் திடீரென்று மறைக்கக் கூடாது. இது என் உறுதியான கருத்து. 20 மாதம் தினமும் பார்த்த முகம் சொல்லாமல் காணாமல் போனால், அந்த வயதில் அதற்கு வேறு அர்த்தம் தோன்றாது.

ஆனால் சட்டப்படி எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை. ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில், பெற்றோரைப் பிரிந்த குழந்தை அவர்களோடு தொடர்பில் இருப்பதற்கு 9ஆம் பிரிவு இருக்கிறது. குழந்தையின் வளர்ப்பு அறுபடாமல் தொடர்வதையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது 20ஆம் பிரிவு. நடுவில் வளர்த்தவருக்குப் பார்க்கும் உரிமை என்று அதில் ஏதும் இல்லை. இருக்கவும் வேண்டாம் என்றே நினைக்கிறேன். அவன் அம்மா மனம் வைத்தால்தான் நாங்கள் அவனைப் பார்க்க முடியும். அதனால் நான் முதலில் சம்பாதிக்க வேண்டியிருந்தது அவர் நம்பிக்கையைத்தான்.

முதல் வீடியோ காலில் அவன் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். அரை மணி நேரம் கூரையைப் பார்த்தோம். "எங்களை ஞாபகம் இருக்கா?", "புது ஸ்கூல் பிடிச்சிருக்கா?" என்று கேள்வி மேல் கேள்வி கேட்டதுதான் தப்பு. அடுத்த முறை கேள்வியை நிறுத்திவிட்டு, என் மகள் வாசலில் பொறுக்கிய இலைகளைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினாள். அவன் எழுந்து ஓடிப்போய் தன்னுடையதைக் கொண்டுவந்தான். பகல் குறையும்போது இலையில் பச்சையம் சிதைந்துபோகிறது, ஏற்கெனவே இருக்கும் மஞ்சள் அப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது என்று பள்ளியில் படித்ததை அவள் சொன்னாள். "அப்போ முன்னாடியே உள்ள இருந்துச்சா?" என்றவன், பச்சை இலை ஒன்றைக் கேமராவில் ஒட்டிப் பிடித்து, "இதுலயும் இருக்கா? இதுல?" என்று விடவே இல்லை. சிவப்பு மட்டும் பெரும்பாலும் அந்தச் சமயத்தில் புதிதாக உண்டாவது என்றதும் அவனுக்குக் கோபம், ஏமாற்றிவிட்டது போல.

அதிலிருந்து ஞாயிறு சாயங்காலம் பத்து நிமிடம். கையில் ஏதாவது வேலை இருக்கும்: இலை, வரைபடம், புதிர். அவனுக்குப் போதும் என்றால் போதும். "எப்போ இங்க வர்றே?" என்று கேட்க மாட்டோம், அவன் வீடு அது.

ஒரு முறை சறுக்கினேன். பிறந்தநாளுக்கு அவன் அம்மாவைக் கேட்காமல் ஒரு பெரிய பொம்மை ரயில் அனுப்பிவிட்டேன். அவர் வாங்கி வைத்திருந்தது அதன் பக்கத்தில் சின்னதாகிவிட்டது. இரண்டு ஞாயிறு போன் எடுக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன், சாக்குச் சொல்லவில்லை. இப்போது எது அனுப்புவதானாலும் முதலில் அவரிடம்தான் கேட்கிறேன். பாதி நேரம் கடிதமே போதும் என்பார். அதுவும் சரிதான், கடிதங்களை அவன் எடுத்து வைத்துக்கொள்கிறானாம்.

போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு அவரிடமிருந்து போன். "அக்கா, காய்ச்சல். மருந்து கொடுத்துட்டேன், ஆனா தூங்கவே மாட்டேங்கிறான். அங்க இருக்கும்போது என்ன பண்ணுவீங்க?"

அறை விளக்கை அணைத்துவிட்டு நடை விளக்கை மட்டும் போட்டு, கதவை ஒரு சாண் திறந்து வைக்கச் சொன்னேன். கட்டிலில் உட்கார வேண்டாம், தரையில் உட்கார்ந்து உள்ளங்காலைத் தடவிக் கொடுங்கள், பேச்சுக் கொடுக்காதீர்கள் என்றேன். சரி என்று வைத்துவிட்டார். போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அரை மணி கழித்து ஒரு வரி வந்தது.

"தூங்கிட்டான் அக்கா."