ஜமால்பூரில் கந்தா தைக்கும் பெண்கள்

படிப்புப் பயணமாக வங்கதேசம் வந்திருக்கிறேன். டாக்கா கருத்தரங்கைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தேநீர் நன்றாக இருந்தது. ஜமால்பூர் பக்கத்துக் கிராமங்களில் நக்‌ஷி கந்தா தைக்கும் பெண்களைப் பார்த்ததுதான் விஷயம்.

நைந்த சேலைகளை அடுக்கி, ஓட்டுத்தையல் போட்டுச் செய்யும் போர்வை இது. நூலையும் பழைய சேலைக் கரையிலிருந்தே உருவிக்கொண்ட காலம் உண்டு. இப்போது விற்பனைக்குப் போவதெல்லாம் புதுத்துணி. டிரேசிங் தாளில் ஊசியால் துளையிட்டு, நீலம் கலந்த மண்ணெண்ணெயை மேலே தேய்த்தால், துணியில் தாமரை புள்ளி புள்ளியாக இறங்குகிறது. வாசலில் பாய் விரித்து, ஆளுக்கொரு மூலையிலிருந்து தைத்துக்கொண்டே வருகிறார்கள். தையல் இறுக இறுகத் துணியில் சிற்றலை போலச் சுருக்கம் விழுகிறது. அழகே அந்தச் சுருக்கத்தில்தான்!

கூலி, துண்டுக்கு இவ்வளவு என்றுதான். "ஆபா (அக்கா), உங்கள் ஊர்க் கடையில் இது என்ன விலை?" என்று மூத்தவர் கேட்டார். சொன்னேன். மொழிபெயர்த்த பெண் சற்றுத் தயங்கிவிட்டுத்தான் வங்காளத்தில் சொன்னார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'பெண்கள் முன்னேற்றம்' என்று விலைச்சீட்டில் அச்சடிக்கும் கடைகள், தைத்தவரின் கூலியையும் பக்கத்திலேயே அச்சடிக்கட்டுமே.

நக்‌ஷி கந்தாவுக்கு மேற்கு வங்கம் 2008இல் புவிசார் குறியீடு வாங்கியதில் இங்கே மனத்தாங்கல் உண்டு. நான் இந்தியர் என்றதும் கடைக்காரர் ஒருவர் முதலில் அதைத்தான் கேட்டார். பதில் சொல்லி மாளவில்லை.

ஒரு கட்டில் விரிப்புக்குச் சொல்லியிருக்கிறேன். நெல் அறுவடை முடிந்தபிறகுதான் ஊசியைத் தொடுவார்களாம்.