கேட்காமல் போடும் டெஸ்ட்

லேபில் நோயாளிக்கு ரத்தம் எடுத்த ஊசி நம் கையில் குத்திவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும், விரலைப் பிழியக் கூடாது. இதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். அடுத்த கேள்வியில்தான் தடுமாறுகிறோம். அந்த நோயாளியின் ரத்தம் ரேக்கிலேயே இருக்கிறதே, ஹெச்ஐவி இருக்கிறதா என்று ஒரு கார்டு டெஸ்ட் போட்டுப் பார்த்தால் என்ன?

முன்பு நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் நைட் ட்யூட்டியின்போது இது நடந்தது. பயன்படுத்திய ஊசிகளைப் போடும் வெள்ளை டப்பா வாய்வரை நிரம்பியிருந்தது. ஒரு நோயாளிக்கு ரத்தம் எடுத்த ஊசியை அதற்குள் திணிக்கப்போன ஜூனியர் பெண்ணின் விரலில் அது குத்திவிட்டது. கைக்குழந்தைக்காரி. "அக்கா, சுகருக்கு எடுத்த ரத்தம் இருக்கே, போட்டுப் பாத்துடுங்க. அவருக்குத் தெரியவா போகுது?" என்று அழுதாள். அந்த அழுகையில் நியாயம் இருந்தது.

ஆனால் 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த ஹெச்ஐவி சட்டப்படி, சம்மதம் இல்லாமல் அந்த டெஸ்ட்டைச் செய்ய முடியாது. கோர்ட் உத்தரவு, ரத்த வங்கிப் பரிசோதனை போன்ற சில விலக்குகள் உண்டு. ஊழியருக்கு ஊசி குத்தியது அதில் வராது. சட்டத்தை விடுங்கள், அவளைக் காப்பாற்ற அந்த ரிசல்ட்டுக்குக் காத்திருக்கவே வேண்டாம். ஹெச்ஐவி தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். நோயாளிக்குத் தொற்று இருந்தாலும் ஊசிக்குத்தில் ஹெச்ஐவி பரவும் வாய்ப்பு ஆயிரத்தில் சுமார் 3தான். ஹெபடைடிஸ் பி அப்படியில்லை. தடுப்பூசி போடாதவர்களுக்கு அது 30 சதவீதம் வரை போகும். அவளுக்கு அந்தத் தடுப்பூசியை நிர்வாகம் போட்டிருக்கவில்லை.

கேஷுவாலிட்டியில் முதல் டோஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, டாக்டரோடு வார்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அந்த மனிதர் சம்மதித்தார். "எடுத்துக்கோங்க. ரிசல்ட்டை மட்டும் என் தம்பிகிட்ட சொல்லிடாதீங்க" என்றார். கேட்காமல் போட்டிருந்தால் இந்த பயம் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. அவர் மறுத்திருந்தாலும் அவளுக்கு மருந்து தொடர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா சேகரித்த ரத்தத்தில்தான் இந்தியாவில் முதன்முதலில் ஹெச்ஐவி கண்டறியப்பட்டது. காவலில் இருந்த பாலியல் தொழிலாளர்களுக்கு எதற்கான சோதனை என்று சொல்லப்படவில்லை. ரத்தம் எடுத்த நிர்மலாவின் கையிலும் கிளவுஸ் இல்லை. அந்த நோயே இங்கே புதிதாக இருந்த காலம் அது. இன்றைக்கு அந்தச் சமாதானம் செல்லாது. கிளவுஸ், பயிற்சி, தடுப்பு மருந்து எல்லாம் நிர்வாகம் தர வேண்டியவை என்று அதே சட்டம் சொல்கிறது. இருபது நிமிஷத்தில் மாற்றியிருக்கக்கூடிய ஒரு டப்பாவை மாற்றாமல் விட்டுவிட்டு, அதற்கான விலையை நோயாளியின் அந்தரங்கத்திலிருந்து எடுக்கச் சொல்வது எனக்கு ஆத்திரமாக வருகிறது.

மறுநாள் ரிஜிஸ்டரில் "ஊழியரின் கவனக்குறைவு" என்று எழுதச் சொன்னார்கள். முக்கால் பங்கு நிரம்பியதுமே டப்பாவை மாற்றியிருக்க வேண்டும், மாற்றவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.