வெட்டிய பிறகும் மிஞ்சிய பார்வை

எடிட்டிங் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சும்மா படம் பார்க்க உட்கார்ந்தாலும் கதையை விட்டுவிட்டு, ஒட்டு எங்கே தெரிகிறது என்றுதான் கண் தேடும். சீன இயக்குநர் ஷியே ஜின் இயக்கி 1961-இல் வந்த 'செம்மகளிர் படை'யையும் அப்படித்தான் பார்த்தேன். ஹைனான் தீவில் பண்ணையாரிடம் அடிமையாகக் கிடக்கும் சியோங்ஹுவாவைக் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர் சாங்சிங் மீட்கிறார்; அவள் பெண்கள் படையில் சேர்கிறாள். திரைக்கதையில் இருவருக்கும் நடுவே காதல் இருந்தது. புரட்சி வீரர்களுக்குக் காதல் எதற்கு என்று அதை எடுத்துவிட்டார்கள்.

வசனம் போய்விட்டது, முகம் போகவில்லை. சாங்சிங்கைப் பார்க்கும்போது அவளுடைய குளோசப்கள் நன்றிக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நிற்கின்றன. என் மேஜைக்கு வந்திருந்தால் சில ஃப்ரேம்களைக் குறைத்திருப்பேன், கெடுத்தும் இருப்பேன். நடித்த ஜூ ஷிஜுவான் அப்போது ஷாங்காய் நாடகக் கல்லூரி மாணவி. யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்த அவரது பெரிய கண்களைப் பார்த்துத்தான் ஷியே ஜின் தேர்வு செய்தார் என்று சொல்வார்கள். நம்பும்படியாகத்தான் இருக்கிறது.

அன்றைய ஷாங்காய் அரசு ஸ்டுடியோவில் இயக்குநர் என்பவர் மாதச் சம்பளக்காரர். கதை முதலில் மேலிடத்தில் தேறவேண்டும், முடிந்த படமும் அங்கேதான் தேறவேண்டும். விநியோகம் அரசுடையது. வசூலைப் பற்றிய கவலை இல்லை, மற்ற எல்லாக் கவலையும் உண்டு. இதற்கு நடுவே அவர் கையில் இருந்தது நடிகர் தேர்வும் ஒத்திகையும் ஷாட்டின் நீளமும்தான். 1962-இல் சினிமாப் பத்திரிகை வாசகர்கள் ஓட்டுப் போட்டுத் தந்த முதல் 'நூறு மலர்கள்' விருதுகளில் சிறந்த படம், இயக்குநர், நடிகை மூன்றும் இந்தப் படத்துக்கே வந்தன.

அடுத்து 'மேடைச் சகோதரிகள்'. 1923-இல் ஜெஜியாங் மாகாணத்தின் ஷாங்யூவில் பிறந்தவர் ஷியே ஜின். யூவே என்ற வட்டார இசைநாடகம் பிறந்த ஊர் பக்கத்தில்தான். தான் அறிந்த உலகத்தையே எடுத்தார்: இரண்டு நாடக நடிகைகள், பிரிவு, கடைசியில் சமாதானம். அந்தச் சமாதானம்தான் வினையாயிற்று. வர்க்கப் பகையை மழுப்புகிறது என்றார்கள். மாவோ 1966-இல் தொடங்கிய கலாச்சாரப் புரட்சியில் 'நச்சுக்களை' என்று பட்டம் கட்டி, திட்டுவதற்காகவே நாடெங்கும் திரையிட்டார்கள். அவருடைய தந்தையும் தாயும் அந்த ஆண்டுகளில் தற்கொலை செய்துகொண்டார்கள்.

அப்புறம் அதே ஆளை, துறைமுகத் தொழிலாளர்களைப் பற்றிய, அன்று அரசே முன்னிறுத்திய 'முன்மாதிரி' இசைநாடகத்தைப் படமெடுக்கக் கூப்பிட்டார்கள். வேலை தெரிந்த கை வேண்டுமே! அந்தப் படங்களுக்கு எழுதிவைத்த சூத்திரம் இருந்தது: நாயகன் கிட்டத்தில், பெரிதாக, வெளிச்சத்தில், வில்லன் தூரத்தில், சிறிதாக, இருட்டில். சட்டகத்தின் அளவையும் விளக்கையும் சூத்திரமே முடிவு செய்துவிட்டால் இயக்குநருக்கு என்ன மிச்சம்? 1961-இல் ஒரு குளோசப்பைக் கூடுதலாக நிற்கவைக்க முடிந்த இடுக்குகூட இங்கே இல்லை. பெற்றோரை இழந்த மனிதர் அந்த வேலையை எப்படித்தான் செய்தாரோ!

மாவோவுக்குப் பின் நிலைமை மாறியது. 1980-இல் 'தியான்யுன் மலைக் கதை'. 1986-இல் 'செம்பருத்தி நகரம்'. இதில் தண்டனையாக விடிவதற்குள் கல்தெருவைப் பெருக்கும் ஒருத்தியும் ஒருவனும் காதலிக்கிறார்கள். துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு அவனாக நடித்த ஜியாங் வென் ஆடுவார், அவளாக நடித்த லியூ சியாவோசிங் பார்த்துச் சிரிப்பார். இந்த முறை காதல் படத்திலேயே நின்றது.

அதே ஆண்டில் ஓர் இளம் விமர்சகர், ஷியே ஜின் அழவைத்தே நியாயத்தை ஒப்பேற்றுகிறார், எல்லாப் படமும் ஒரே அச்சு என்று எழுதினார். பெரிய சர்ச்சையானது. 'தியான்யுன் மலை'யைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. நல்லவர்கள் அதில் ரொம்பவே நல்லவர்கள், பின்னணி இசையும் அதிகம். துடைப்பக் காட்சிக்கு அந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது. அங்கே யாரும் அழவில்லை.